முதல் தொலைநோக்கி: பெட்டியின் மேல் உள்ள எண்ணை நம்பாதீர்கள்

இணையக் கடைகளிலும் பொம்மைக் கடைகளிலும் விற்கும் தொலைநோக்கிப் பெட்டிகளின் மேல் 525 மடங்கு, 675 மடங்கு என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். கூடவே விண்வெளித் தொலைநோக்கி எடுத்த வண்ணப் படம் ஒன்றும் இருக்கும். பிறந்தநாள் பரிசாக அதை வாங்கிய வீடுகளில் பெரும்பாலும் ஒரே கதைதான். முதல் இரவு நிலா தெரியும். அடுத்த இரவு வியாழனைத் தேடித் தேடிச் சலித்துப்போவார்கள். பிறகு கருவி பரணுக்குப் போய்விடும். பிள்ளைக்கு வானியலில் ஆர்வம் இல்லை என்று வீட்டில் முடிவும் கட்டிவிடுவார்கள். பிள்ளையின் ஆர்வத்தில் குறையே இல்லை. குறை கருவியில் இருக்கிறது.

அந்த 525 எங்கிருந்து வருகிறது? தொலைநோக்கியின் குவியத் தூரத்தை, நாம் கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் கிடைப்பதுதான் உருப்பெருக்கம். 700 மி.மீ. குவியத் தூரமுள்ள குழாயில் 4 மி.மீ. ஐபீஸைச் செருகினால் 175 மடங்கு. இரண்டுக்கும் நடுவே, பெருக்கத்தை மூன்று மடங்காக்கும் பார்லோ வில்லையையும் சேர்த்தால் 525 ஆகிவிடும். கணக்கு சரிதான், காட்சிதான் கிடைக்காது. ஒரு தொலைநோக்கி பயன்படும்படி தரக்கூடிய பெருக்கத்துக்கு எல்லை உண்டு. முகப்பு வில்லையின், அல்லது அதற்குப் பதில் ஒளியைச் சேர்க்கும் கண்ணாடியின், விட்டம் எத்தனை மி.மீ.யோ, அதைப்போல் சுமார் இரண்டு மடங்கு. 60 மி.மீ. கருவிக்கு 120. அதைத் தாண்டினால் பெரிதாகத் தெரிவது மங்கல் மட்டுமே. 1610 ஜனவரியில் கலிலியோ வியாழனின் நிலவுகளைக் கண்டது சுமார் 20 மடங்கு பெருக்கும் கருவியில்தான்.

ஆகவே கடைக்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது விட்டம். தொலைநோக்கியின் முதல் வேலை வெளிச்சத்தைச் சேர்ப்பது. பெரிதாக்குவது அதற்கு அடுத்துத்தான். 130 மி.மீ. கண்ணாடி, 60 மி.மீ. வில்லையைப்போல் நான்கரை மடங்குக்கும் மேல் ஒளியைத் திரட்டும். வெறுங்கண்ணோடு ஒப்பிட்டால் 300 மடங்கைத் தாண்டும். ஐபீஸ் செருகும் வாய் ஒன்றேகால் அங்குலம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். உலகெங்கும் அதுதான் பொது அளவு; பின்னாளில் நல்ல ஐபீஸ் வாங்கிப் பொருத்த வசதியாக இருக்கும்.

விட்டத்துக்குச் சமமாக நான் வைப்பது ஸ்டாண்டை. மலிவுக் கருவிகள் தோற்றுப்போவது பெரும்பாலும் இதில்தான். மெல்லிய அலுமினிய முக்காலியின் மேல் இருக்கும் குழாயைத் தொட்டாலே சனிக்கோள் துள்ளிக் குதிக்கும். பூமி சுழல்வதால் வானப் பொருளும் நகர்ந்துகொண்டே இருக்கும். சாதாரண ஐபீஸில் 65 மடங்கில் ஒரு கோள் மூன்று நிமிடம்போலக் காட்சியில் தங்கும். 300 மடங்கில் முக்கால் நிமிடத்துக்குள் ஓடிவிடும். ஒவ்வொரு முறையும் குழாயை நகர்த்தி, ஆட்டம் நிற்கக் காத்திருப்பதற்குள் கோள் கையை விட்டுப் போயிருக்கும்.

‘தொழில்முறை ஸ்டாண்ட்’ என்று சொல்லிச் சில கடைகள், நகரும் வானப் பொருளை ஒரே அச்சில் சுழன்று பின்தொடரும் ஈக்குவடோரியல் தாங்கியைத் தள்ளிவிடப் பார்க்கும். அதன் அச்சைத் துருவ நட்சத்திரத்தை நோக்கிச் சரியாகத் திருப்பி வைத்தால்தான் அது ஒழுங்காக வேலை செய்யும். துருவ நட்சத்திரம் ஒரு ஊரில் எவ்வளவு உயரத்தில் தெரியும் என்பது அந்த ஊரின் அட்சரேகையைப் பொறுத்தது. சென்னையில் 13 பாகை, மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் சுமார் 10, கன்னியாகுமரியில் 8 பாகைதான். அடுத்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டியோ தென்னை மரமோ அதை மறைத்துவிடும். மேலும், ஐரோப்பிய, அமெரிக்க அட்சரேகைகளை மனத்தில் வைத்துச் செய்த மலிவுத் தாங்கிகளை இவ்வளவு தாழ்வாகச் சாய்த்தால் எதிர் எடையின் தண்டு முக்காலியின் காலில் போய் இடிக்கும். நம் ஊரில் புதிதாகத் தொடங்குபவருக்கு அது வேண்டாத தலைவலி.

இதற்கு எளிய மாற்றைக் கொடுத்தவர் ஜான் டாப்சன். 1915இல் பெய்ஜிங்கில் பிறந்தவர். விவேகானந்தர் தொடங்கிய சான்பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் துறவியாக வாழ்ந்தவர். மடத்தில் காசு இல்லாததால் கப்பல் சாளரக் கண்ணாடியைத் தானே தேய்த்து ஆடியாக்கினார். அட்டைக் குழாயையும் ஒட்டுப்பலகையையும் கொண்டு தொலைநோக்கி செய்து, தெருவோரத்தில் நிறுத்தி, போவோர் வருவோரையெல்லாம் கூப்பிட்டு வானத்தைக் காட்டினார். பலகைப் பெட்டியில் உட்கார்ந்து மேலும் கீழும், இடமும் வலமும் திரும்பும் அந்த அமைப்பைத்தான் இன்று ‘டாப்சோனியன்’ என்கிறோம். மோட்டார் இல்லை, எதிர் எடை இல்லை. விலையில் பெரும்பங்கு கண்ணாடிக்கே போகிறது.

என் பரிந்துரை இதுதான்: 114 அல்லது 130 மி.மீ. விட்டமுள்ள மேசை டாப்சோனியன். பணமும் வைக்க இடமும் இருந்தால் 150 மி.மீ. அல்லது 200 மி.மீ. டாப்சோனியனின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். நேர் உச்சியில் இருக்கும் பொருளை இதில் பிடிப்பது சிரமம். நம் ஊரில் கோள்கள் உச்சிக்கு அருகே வரும் என்பதால் இது அடிக்கடி நேரும். ஒரு மணி நேரம் முன்போ பின்போ பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். உருவம் தலைகீழாகத் தெரியும். லாரியிலோ பேருந்திலோ குலுங்கி வந்தால் கண்ணாடிகள் நேர்கோட்டை விட்டு விலகும். ஒரு முறை பழகிவிட்டால் திருத்துவது சில நிமிட வேலை. இந்தக் கவலையே வேண்டாம், பால்கனியிலிருந்து மலையும் பறவையும் பார்க்க வேண்டும் என்பவர்கள் 70 அல்லது 80 மி.மீ. வில்லைத் தொலைநோக்கியை உறுதியான முக்காலியோடு வாங்கலாம். கணினி தானே தேடித்தரும் கருவிகளை முதல் வாங்கலுக்கு நான் சொல்லமாட்டேன். அதே விலைக்குக் கண்ணாடி சிறியதாகிவிடும். வானத்தில் வழி கண்டுபிடிக்கும் பழக்கமும் வராது.

கையில் சில ஆயிரம் ரூபாய்தான் இருக்கிறதா? தொலைநோக்கியை மறந்துவிட்டு 7×50 அல்லது 10×50 பைனாகுலர் வாங்குங்கள். நிலவின் பள்ளங்கள், கார்த்திகைக் கூட்டம் என்று நிறைய தெரியும். கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டால் வியாழனின் நிலவுகளும் புள்ளிகளாகத் தெரியும்.

எதிர்பார்ப்பையும் திருத்திக்கொள்வது நல்லது. வண்ண நெபுலாப் படங்கள் கேமரா நெடுநேரம் ஒளியைச் சேர்த்து எடுத்தவை. கண்ணுக்கு ஓரியன் நெபுலா சாம்பல் நிறப் புகையாகத்தான் தெரியும். 25 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ள ஆந்திரமேடா விண்மீன் மண்டலம் வெறும் மங்கல் திட்டு. ஆனால் நிலவும் கோள்களும் ஏமாற்றாது. 130 மி.மீ. கருவியில் வியாழனின் பட்டைகள், வெள்ளியின் பிறை, சனியின் வளையம் எல்லாம் தெளிவாகத் தெரியும். சனியின் வளையம் 2025 மார்ச்சில் விளிம்பு வாக்கில் திரும்பிக் கோடாகிப் போனது. இப்போது ஆண்டுக்கு ஆண்டு விரிந்து, 2032 வாக்கில் முழு அகலத்தைக் காட்டும். ஐரோப்பியர்கள் பொறாமைப்படும் காட்சியும் நமக்கு உண்டு: லட்சக்கணக்கான விண்மீன்கள் திரண்ட ஒமேகா சென்டாரி கொத்து. ஏப்ரல், மே மாத இரவுகளில் தெற்கு வானில் தேடுங்கள்.

மொட்டை மாடியில் வைத்துப் பார்ப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பகலில் குடித்த வெயிலைத் தளம் இரவில் வெளியே விடும்போது காட்சி நடுங்கும். மாலையில் தண்ணீர் தெளித்து வைத்தால் சூடு சற்றுத் தணியும். இரவு ஒன்பது, பத்து மணிக்கு மேல் பார்ப்பது இன்னும் நல்லது. கடலோர ஈரக்காற்றில் வில்லைகளில் பூஞ்சை பிடிக்கும். பனி படிந்த கருவியை அப்படியே மூடி வைக்காமல், உலர்ந்த பிறகு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள். கண்ணாடியைத் துணியால் துடைக்கவே கூடாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. தொலைநோக்கி வழியே சூரியனைப் பார்த்தால் ஒரு கணத்தில் பார்வை போய்விடும். சில மலிவுக் கருவிகளோடு ஐபீஸில் திருகும் ‘சூரிய வடிகட்டி’ ஒன்று வரும். குவிந்த வெப்பத்தில் அது வெடித்துவிடக்கூடும். வீட்டுக்கு வந்ததும் உடைத்துக் குப்பையில் போடுங்கள். சூரிய வடிகட்டி என்றால் குழாயின் முன்வாயை முழுவதும் மூடுவதாக, அதற்கென்றே செய்ததாக இருக்க வேண்டும்.

வாங்கும் முன் ஒரு தடவையாவது பிறர் கருவியில் பாருங்கள். தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் சென்னை பிர்லா கோளரங்கமும் வான்நோக்கு நிகழ்ச்சிகள் நடத்துகின்றன. 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி நிற்கும் காவலூருக்கு, அனுமதி நாளைக் கேட்டுக்கொண்டு பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஜனவரியிலிருந்து வானம் தெளியும். அதற்குள் ஸ்டெல்லேரியம் என்ற இலவசச் செயலியைக் கணினியில் போட்டு, வெறுங்கண்ணால் பத்து விண்மீன் கூட்டங்களையாவது அடையாளம் காணப் பழகிவிடுங்கள்.