ஒப்புவித்தவர் யார்?

கணந்தோறும் வந்து வாய்ப்பதே தெய்வ சித்தம் என்று கொண்டு, அதற்குத் தன்னை முழுதும் ஒப்புவிக்கும் ஆத்மாவின் சாந்தியை விவரிப்பதும், கையெழுத்துப் பிரதியாகக் கன்னியரிடையே வழங்கி, 1861-ஆம் ஆண்டு ஆன்றி ராமியேர் என்னும் இயேசு சபைக் குருவால் அச்சேற்றப்பட்டதுமான பிரெஞ்சு பக்தி நூலொன்று, 1751-இல் மறைந்த ழான் பியேர் தெ கோசாத் என்பாரின் பெயரையே நெடுங்காலம் தாங்கி நின்றது. லொரேன் பிரதேசத்து நான்சி நகரில் கன்னியருக்கு ஞானகுருவாய் விளங்கியவர் அவர். ஆயினும், 1741-இல் அவர் வெளியிட்ட தியான நூல் வினாவும் விடையுமாக நிதானத்தோடு நடக்க, இதுவோ உள்ளம் உருகிப் பெருகும் வெள்ளமாயிருக்கிறதே என்னும் ஐயம் ஆராய்ச்சியாளருக்கு எழுந்தது. லொரேன் நாட்டு மாதரசி ஒருத்தியே இதனை எழுதியிருக்கக்கூடும் என்பாரும் உளர். நூலில் ததும்பும் கனிவைக் காணுங்கால், அக்கருத்தை எளிதில் ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.