முதுமையும் ஆக்சிஜனேற்ற அழுத்தமும்: கண்ணிலும் இரத்தக் குழாயிலும் ஏற்படும் விளைவுகள்

ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்பது, உடற்செல்களில் உருவாகும் வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளுக்கும் அவற்றை அடக்கி வைக்கும் தற்காப்பு முறைகளுக்கும் இடையிலான சமநிலை குலைந்த நிலையாகும். பெயரில் 'அழுத்தம்' என்ற சொல் இருந்தாலும் இது இரத்த அழுத்தத்தைக் குறிப்பதன்று. வயது ஏற ஏற இந்தச் சமநிலை மெல்லச் சாய்கிறது. அதன் விளைவுகள் உடல் முழுவதும் ஏற்படுகின்றன என்றாலும், கண்ணும் இரத்தக் குழாய்களும் அதிகமாகப் பாதிக்கப்படும் உறுப்புகளில் அடங்கும். கண்புரை, மாகுலா சிதைவு, நீரிழிவு விழித்திரை நோய், தமனித் தடிப்பு ஆகிய நான்கிலும் இதன் பங்கு உண்டு. அதே வேளையில், ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் என்று சொல்லி விற்கப்படும் மாத்திரைகள் எல்லாம் இந்நோய்களைத் தடுப்பதில்லை என்பதும் பெரிய ஆய்வுகளில் தெளிவாகியுள்ளது.

ஆக்சிஜனேற்ற அழுத்தம் உருவாகும் விதம்

செல்லுக்குத் தேவையான ஆற்றலின் பெரும்பகுதி மைட்டோகாண்ட்ரியாவில் உற்பத்தியாகிறது. உணவிலிருந்து பெறப்படும் எலக்ட்ரான்கள் அங்கே படிப்படியாகக் கடத்தப்பட்டு, கடைசியில் ஆக்சிஜனுடன் சேர்ந்து நீராகின்றன. இந்தப் பாதையில் சில எலக்ட்ரான்கள் இடையிலேயே கசிந்து ஆக்சிஜனுடன் சேர்வதுண்டு. அப்போது சூப்பர்ஆக்சைடு உருவாகிறது. அதிலிருந்து ஹைட்ரஜன் பெராக்சைடும், அதைவிட வீரியம் மிக்க ஹைட்ராக்சில் உறுப்பும் உண்டாகின்றன. இவை கொழுப்பு, புரதம், டி.என்.ஏ. ஆகியவற்றைத் தாக்கி அவற்றின் அமைப்பை மாற்றிவிடக்கூடியவை.

இவற்றைச் சமாளிக்கச் செல்லிடம் தனி நொதிகள் உள்ளன. சூப்பர்ஆக்சைடைச் சிதைக்கும் சூப்பர்ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற நொதியின் செயலை 1969-இல் ஜோ மெக்கார்டும் இர்வின் ஃபிரிடோவிச்சும் கண்டறிந்தனர். கேட்டலேஸ், குளுட்டாதையோன் பெராக்சிடேஸ் ஆகிய நொதிகளும் வைட்டமின் சி, வைட்டமின் ஈ, குளுட்டாதையோன் போன்ற சிறு மூலக்கூறுகளும் இந்தத் தற்காப்பில் பங்கு பெறுகின்றன.

வினைத்திறன் மிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளை முற்றிலும் தீயவை என்று கொள்வதற்கில்லை. வெள்ளையணுக்கள் கிருமிகளைக் கொல்ல இவற்றையே பயன்படுத்துகின்றன. செல்களுக்குள் செய்தி கடத்தவும் இவை சிறு அளவில் தேவைப்படுகின்றன. உற்பத்தி மிகும்போதும் தற்காப்பு தளரும்போதும்தான் கேடு தொடங்குகிறது.

வயதுடன் உள்ள தொடர்பு

இத்தகைய மூலக்கூறுகளால் ஏற்படும் சேதம் திரண்டு சேர்வதே முதுமைக்குக் காரணம் என்ற கருத்தை அமெரிக்க ஆய்வாளர் டென்ஹாம் ஹார்மன் 1956-இல் முன்வைத்தார். முதுமைக்கு இது ஒன்றே காரணம் என்று இன்றைய ஆய்வாளர்கள் கருதுவதில்லை. எனினும் முதுமையின் பல கூறுகளில் இதற்குப் பங்கு உண்டு என்பது ஏற்கப்பட்டுள்ளது.

வயதாகும்போது மூன்று மாற்றங்கள் ஒருசேர நிகழ்கின்றன. மைட்டோகாண்ட்ரியாவின் திறன் குறைந்து எலக்ட்ரான் கசிவு கூடுகிறது. தற்காப்பு நொதிகளை உற்பத்தி செய்யத் தூண்டும் ஏற்பாடு மந்தமாகிறது. பழுதடைந்த புரதங்களைச் சிதைத்து அகற்றும் பணியும் தாமதப்படுகிறது. தோல், குடல் போன்ற இடங்களில் பழைய செல்கள் உதிர்ந்து புதியவை வருவதால் சேதம் ஓரளவு ஈடுசெய்யப்படுகிறது. விழிவில்லையின் புரதங்களுக்கும் தமனிச் சுவரின் எலாஸ்டின் இழைகளுக்கும் அந்த வாய்ப்பு இல்லை. அவற்றில் பெரும்பாலானவை இளமையில் உருவாகி வாழ்நாள் முழுவதும் பயன்படுபவை. எனவே அவற்றில் ஏற்படும் சேதம் ஆண்டுக்கு ஆண்டு கூடிக்கொண்டே போகிறது.

இரத்தக் குழாய்களில் ஏற்படும் மாற்றங்கள்

இரத்தக் குழாயின் உட்பரப்பில் எண்டோதீலியம் எனப்படும் ஒற்றை அடுக்குச் செல்கள் உள்ளன. குழாயைத் தளர்த்தி விரியச் செய்யும் ஒரு பொருளை இச்செல்கள் சுரக்கின்றன என்று ராபர்ட் ஃபர்ச்காட் 1980-இல் காட்டினார். அது நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு என்பது பின்னர் உறுதியானது. இதற்காக ஃபர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகிய மூவருக்கும் 1998-இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

சூப்பர்ஆக்சைடு மிகும்போது அது நைட்ரிக் ஆக்சைடுடன் மிக விரைவாகச் சேர்ந்து பெராக்சிநைட்ரைட் என்ற பொருளை உண்டாக்குகிறது. இதனால் இரட்டை இழப்பு ஏற்படுகிறது. குழாயை விரிக்கும் நைட்ரிக் ஆக்சைடு குறைகிறது. அதன் இடத்தில் செல்லைத் தாக்கும் பொருள் ஒன்று உருவாகிறது. நைட்ரிக் ஆக்சைடைத் தயாரிக்கும் நொதிக்குத் துணையாக நிற்கும் மூலக்கூறும் ஆக்சிஜனேற்றம் அடைந்து குறைந்துபோனால், அந்த நொதியே சூப்பர்ஆக்சைடை உற்பத்தி செய்யத் தொடங்கிவிடுகிறது. சேதம் மேலும் சேதத்தை வளர்க்கும் சுழற்சி இது. புகைபிடித்தல், உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு ஆகியவை இச்சுழற்சியை விரைவுபடுத்துகின்றன.

தமனிச் சுவருக்குள் நுழையும் எல்.டி.எல். கொழுப்புத் துகள்கள் அங்கே ஆக்சிஜனேற்றம் அடைகின்றன. அவ்வாறு மாறிய துகள்களை மேக்ரோபேஜ் என்னும் விழுங்கு செல்கள் அளவின்றி விழுங்கி, நுரை போன்ற தோற்றமுடைய செல்களாக மாறுகின்றன. தமனித் தடிப்பின் தொடக்க நிலை இதுவே. மறுபுறம் எலாஸ்டின் இழைகள் தேய்ந்து முறிய, கொலாஜன் பெருகி, பெரிய தமனிகள் விறைக்கின்றன. முதியவர்களிடம் இரத்த அழுத்தத்தின் மேல் எண் உயர்ந்தும் கீழ் எண் உயராமலும் காணப்படுவதற்கு இந்த விறைப்பே முக்கியக் காரணம்.

விழிவில்லையும் கண்புரையும்

விழிவில்லையில் இரத்தக் குழாய்கள் இல்லை. அதன் உள்ளடுக்கு இழைச் செல்கள் தம் உட்கருவையும் மைட்டோகாண்ட்ரியாவையும் இழந்துவிடுகின்றன. ஒளி தடையின்றி ஊடுருவுவதற்கான ஏற்பாடு இது. ஆனால் உட்கரு இல்லாத செல் பழுதடைந்த புரதத்துக்குப் பதிலாகப் புதியதைத் தயாரிக்க இயலாது. ஆகவே கிரிஸ்டலின் என்னும் வில்லைப் புரதங்கள் வாழ்நாள் முழுவதும் நீடிக்க வேண்டியுள்ளது.

இதற்கு ஈடாக விழிவில்லையில் குளுட்டாதையோன் மிகுந்த செறிவில் வைக்கப்பட்டுள்ளது. வயது கூடும்போது வில்லையின் வெளிப்புறத்திலிருந்து மையத்துக்கு அது சென்று சேர்வது குறைகிறது. பாதுகாப்பு இழந்த புரதங்கள் ஆக்சிஜனேற்றம் அடைந்து ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. அந்தத் திரள்கள் ஒளியைச் சிதறடிப்பதால் பார்வை மங்குகிறது. இதுவே கண்புரையாகும்.

ஆக்சிஜனின் பங்குக்கு அறுவை சிகிச்சை அனுபவமே ஒரு சான்று தருகிறது. விழிவில்லைக்கும் விழித்திரைக்கும் இடையே உள்ள கூழ்மப் பொருள், விழித்திரையிலிருந்து வரும் ஆக்சிஜன் வில்லையை எட்டாமல் காக்கிறது. வேறு நோய்களுக்காக இந்தக் கூழ்மத்தை அகற்றும் அறுவைக்கு உள்ளாகும் 50 வயதைக் கடந்தவர்களில் பெரும்பாலானோருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் வில்லையின் மையப்பகுதியில் கண்புரை வளர்கிறது. உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சையை நீண்ட காலம் பெற்றவர்களிடமும் இதே வகைக் கண்புரை காணப்பட்டுள்ளது.

விழித்திரையும் மாகுலா சிதைவும்

எடைக்கு ஏற்ற அளவில் பார்த்தால், உடலில் மிக அதிகமாக ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திசுக்களில் விழித்திரையும் ஒன்று. அதன் ஒளியுணர் செல்களின் படலங்களில் எளிதில் ஆக்சிஜனேற்றம் அடையும் டி.எச்.ஏ. என்ற கொழுப்பமிலம் நிறைந்துள்ளது. இவற்றுடன் நாள் முழுவதும் ஒளியும் விழுகிறது. ஆக்சிஜன், கொழுப்பு, ஒளி ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் சேர்வதால் விழித்திரை இயல்பாகவே இச்சேதத்துக்கு இலக்காகிறது.

ஒளியுணர் செல்கள் தம் வெளிப்பகுதியில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை நாள்தோறும் உதிர்த்துப் புதுப்பித்துக்கொள்கின்றன. உதிர்ந்தவற்றை அடியிலுள்ள நிறமிச் செல் அடுக்கு விழுங்கிச் செரிக்கிறது. வயதாகும்போது முழுதாகச் செரிக்கப்படாத எச்சங்கள் லைப்போஃபசின் என்ற பொருளாக இச்செல்களில் தேங்குகின்றன. ஒளி படும்போது லைப்போஃபசினே புதிய ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டுகிறது. நிறமி அடுக்கின் அடியில் ட்ரூசன் எனப்படும் மஞ்சள் நிறப் படிவுகளும் சேர்கின்றன. கூர்மையான பார்வைக்குரிய மையப்பகுதியான மாகுலாவில் இவை பெருகுவது, முதுமைசார் மாகுலா சிதைவின் தொடக்க அடையாளமாகும். நோய் முற்றினால் மையப் பார்வை கெடுகிறது. படிப்பதும் முகங்களை அடையாளம் காண்பதும் கடினமாகின்றன.

மாகுலாவுக்கு இயற்கையான ஒரு பாதுகாப்பும் உண்டு. லூட்டீன், சியாசாந்தின் என்ற இரு மஞ்சள் நிறமிகள் அங்கே செறிந்துள்ளன. இவை நீல ஒளியை உறிஞ்சுவதுடன் ஆக்சிஜனேற்றத்தையும் தடுக்கின்றன. உடலால் இவற்றைத் தயாரிக்க முடியாது. கீரைகள், மக்காச்சோளம், முட்டையின் மஞ்சள் கரு ஆகியவற்றின் மூலமே இவை கிடைக்கின்றன.

நீரிழிவு: இரு பாதிப்புகளும் சேரும் இடம்

இரத்தச் சர்க்கரை நீண்ட காலம் உயர்ந்திருக்கும்போது மைட்டோகாண்ட்ரியாவில் சூப்பர்ஆக்சைடு மிகுதியாக உருவாகிறது. நீரிழிவின் பல பக்கவிளைவுகளுக்கும் இதுவே பொது வேர் என்ற விளக்கத்தை மைக்கேல் பிரவுன்லீ 2001-இல் முன்வைத்தார். விழித்திரையின் நுண்குழாய்களைத் தாங்கி நிற்கும் பெரிசைட் செல்கள் இதனால் அழிகின்றன. தாங்குதல் இழந்த நுண்குழாய்ச் சுவர்கள் புடைத்துக் கசிகின்றன, சில அடைபடுகின்றன. ஆக்சிஜன் கிடைக்காத பகுதி புதிய குழாய்களை வளரத் தூண்டுகிறது. அவ்வாறு வளரும் குழாய்கள் எளிதில் உடைந்து கண்ணுக்குள் இரத்தம் கசியச் செய்கின்றன. இதுவே நீரிழிவு விழித்திரை நோயின் முற்றிய நிலையாகும்.

கண் வழியே இரத்தக் குழாய்களைக் காணுதல்

உடலைத் திறக்காமல் இரத்தக் குழாய்களை நேரடியாகக் காணக்கூடிய இடம் விழித்திரை. ஹெர்மன் ஃபான் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 1851-இல் வெளியிட்ட கண்ணோக்கிக் கருவி இதற்கு வழி திறந்தது. உயர் இரத்த அழுத்தம் நீடிக்கும்போது விழித்திரைத் தமனிகள் குறுகுவதும், தடித்த தமனி சிரையைக் கடக்கும் இடத்தில் சிரை நசுங்கித் தெரிவதும் மருத்துவர்களுக்கு நெடுங்காலமாக அறிமுகமான அடையாளங்கள். விழித்திரைப் படங்களைக் கணினிக்குப் பயிற்றுவித்து, அவற்றிலிருந்து ஒருவரின் வயதைச் சராசரியாக 4 ஆண்டுக்கும் குறைவான பிழையுடன் கணிக்கலாம் என்று 2018-இல் கூகுள் ஆய்வாளர்கள் காட்டினர். புகைபிடிக்கும் பழக்கத்தையும் மேல் இரத்த அழுத்தத்தையும் கூட அப்படங்களிலிருந்து ஓரளவு கணிக்க முடிந்தது.

மாத்திரைகள் பலன் தருமா?

சேதத்துக்கு ஆக்சிஜனேற்றம் காரணம் என்றால், அதைத் தடுக்கும் வைட்டமின்களை அதிகம் உட்கொண்டால் போதும் என்று தோன்றுவது இயல்பு. பெரிய ஆய்வுகள் இந்த எதிர்பார்ப்பை உறுதிப்படுத்தவில்லை.

பின்லாந்தில் புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1994-இல் வெளியானது. பீட்டா கரோட்டின் மாத்திரை பெற்றவர்களிடம் நுரையீரல் புற்றுநோய் குறைவதற்குப் பதிலாக 18 விழுக்காடு கூடுதலாகக் காணப்பட்டது. மாரடைப்பு ஆபத்து மிகுந்தவர்களுக்கு வைட்டமின் ஈ அளித்துச் சோதித்த 'ஹோப்' ஆய்வு, மாரடைப்போ பக்கவாதமோ குறையவில்லை என்று 2000-இல் அறிவித்தது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை மருத்துவர்களும் அமெரிக்க ஆய்வாளர்களும் இணைந்து தென்னிந்தியாவில் ஏறத்தாழ 800 பேரிடம் 5 ஆண்டுகள் நடத்திய ஆய்வின் முடிவு 2006-இல் வெளிவந்தது. பீட்டா கரோட்டின், வைட்டமின் சி, வைட்டமின் ஈ ஆகியவை கண்புரை வளர்வதைத் தாமதப்படுத்தவில்லை என்பதே அதன் முடிவு.

மாகுலா சிதைவில் மட்டும் நிலை சற்று வேறு. அமெரிக்கத் தேசியக் கண் நிறுவனம் நடத்தி 2001-இல் வெளியிட்ட 'ஏரெட்ஸ்' ஆய்வில் வைட்டமின் சி, வைட்டமின் ஈ, பீட்டா கரோட்டின், துத்தநாகம், செம்பு ஆகியவை சேர்ந்த கலவை சோதிக்கப்பட்டது. இடைநிலை மாகுலா சிதைவு உள்ளவர்களுக்கும், ஒரு கண்ணில் மட்டும் நோய் முற்றியவர்களுக்கும் அது முற்றிய நிலைக்குச் செல்லும் வாய்ப்பை 5 ஆண்டுகளில் ஏறத்தாழ 25 விழுக்காடு குறைத்தது. 2013-இல் வெளியான இரண்டாம் ஆய்வுக்குப் பின், புகைபிடித்தவர்களின் நுரையீரல் புற்றுநோய் ஆபத்தைக் கருதி பீட்டா கரோட்டினுக்குப் பதிலாக லூட்டீனும் சியாசாந்தினும் சேர்க்கப்பட்டன. இக்கலவை நோய் தோன்றுவதைத் தடுப்பதாக நிறுவப்படவில்லை. இழந்த பார்வையை அது மீட்டுத் தருவதுமில்லை. நோய் எந்த நிலையில் உள்ளது என்பதைக் கண் மருத்துவர் சோதித்த பிறகே அதன் தேவையைத் தீர்மானிக்க முடியும்.

மாத்திரைகள் தவறுவதற்குச் சில காரணங்கள் கூறப்படுகின்றன. விழுங்கும் வைட்டமின் சேதம் நிகழும் இடத்துக்குத் தேவையான அளவில் சென்று சேராமல் போகலாம். திரண்டுவிட்ட புரதங்களை அது பழைய நிலைக்குக் கொண்டுவருவதில்லை. செல்லின் செய்திப் பரிமாற்றத்துக்குத் தேவையான மூலக்கூறுகளையும் அது குறுக்கிடக்கூடும்.

பயன் நிறுவப்பட்ட வழிகள்

ஏற்பட்ட சேதத்துக்கு மாற்றுத் தேடுவதைவிட, சேதத்தை உண்டாக்கும் காரணங்களைக் குறைப்பதற்கே உறுதியான சான்றுகள் உள்ளன.

புகையிலையைக் கைவிடுதல்: கண்புரை, மாகுலா சிதைவு, தமனித் தடிப்பு ஆகிய மூன்றின் ஆபத்தையும் புகைபிடித்தல் கூட்டுகிறது. இவற்றுக்கான காரணங்களில் மாற்றக்கூடியவற்றுள் இது முதன்மையானது.

சர்க்கரையைக் கட்டுப்படுத்துதல்: முதல் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் நடந்த 'டி.சி.சி.டி.' ஆய்வில், தீவிரக் கட்டுப்பாடு விழித்திரை நோய் புதிதாகத் தோன்றுவதை 76 விழுக்காடு குறைத்ததாக 1993-இல் அறிவிக்கப்பட்டது.

இரத்த அழுத்தத்தைக் கட்டுப்படுத்துதல்: இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்களிடம் பிரிட்டனில் நடந்த ஆய்வில், இரத்த அழுத்தத்தை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியது விழித்திரை நோய் மோசமாவதை 34 விழுக்காடு குறைத்ததாக 1998-இல் கண்டறியப்பட்டது.

உடற்பயிற்சியும் உணவும்: நடை முதலான பயிற்சிகள் எண்டோதீலியத்தின் நைட்ரிக் ஆக்சைடு உற்பத்தியை மேம்படுத்துகின்றன. கீரை, காய்கறி, பழம், மீன் ஆகியவை அடங்கிய உணவு பரிந்துரைக்கப்படுகிறது.

வெயிலிலிருந்து காத்தல்: புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் கண்ணாடியும் அகன்ற விளிம்புள்ள தொப்பியும் விழிவில்லைக்குப் பாதுகாப்பளிக்கின்றன.

கண் பரிசோதனை: இரண்டாம் வகை நீரிழிவு உள்ளவர்கள் நோய் கண்டறியப்பட்டவுடனேயே விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். பின்னர் மருத்துவர் கூறும் இடைவெளியில் அதைத் தொடர வேண்டும். தொடக்க நிலையில் வலியோ பார்வைக் குறைவோ இராது என்பதால், அறிகுறிக்காகக் காத்திருப்பது தாமதத்தில் முடிகிறது.

சன்னல் கம்பி போன்ற நேர்க்கோடுகள் வளைந்து தெரிவது மாகுலா பாதிப்பின் அறிகுறியாக இருக்கலாம். ஒரு கண்ணில் பார்வை வலியின்றித் திடீரெனப் போய்விட்டால், விழித்திரைத் தமனி அடைபட்டிருக்க வாய்ப்புண்டு. இது பக்கவாதத்துக்கு இணையான அவசர நிலை. சில நிமிடங்களில் பார்வை தானாகத் திரும்பிவிட்டாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கண்ணில் தெரிந்த அந்த அடைப்பு, அடுத்து மூளையில் நேரக்கூடியதற்கான முன்னறிவிப்பாகவும் இருக்கக்கூடும்.