ஷேவர்ஸும் கூனியும் மோதியிருந்தால் யார் விழுந்திருப்பார்?

போன பொங்கலுக்கு மலைமேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டில் நண்பர் வீட்டுத் திண்ணையில் ஒரே சத்தம். அவருடைய மகனும் அண்ணன் மகனும் செல்போனில் ‘சார்பட்டா பரம்பரை’ படத்தை எத்தனையாவது தடவையோ பார்த்து முடித்திருந்தார்கள். டான்சிங் ரோஸும் வேம்புலியும் மோதினால் யார் ஜெயிப்பார் என்பது வழக்கு. படத்தில் இருவரும் ஒரே இடியாப்ப பரம்பரை. மோத வாய்ப்பே இல்லை. அதனால்தான் வழக்கு முடியவும் இல்லை. நண்பர் முடித்துவைக்கப் பார்த்தார்: “கீழ எருது விடறாங்களே, அந்த மாதிரி டைம் வெச்சுப் பாத்தா தெரிஞ்சுடும் போங்கடா.”

எருது விஷயத்தில் அவர் சொன்னது சரி. திருப்பத்தூர், வேலூர் பக்கம் எருது விடும் விழாவில் மாடுகள் ஒன்றோடொன்று மோதுவதில்லை. ஒவ்வொன்றாக அவிழ்த்து விடுவார்கள். குறித்த தூரத்தை எத்தனை நொடியில் கடக்கிறது என்பதுதான் கணக்கு. காலையில் ஓடிய மாட்டையும் சாயங்காலம் ஓடிய மாட்டையும் ஒரே தாளில் எழுதி எது மேல் என்று சொல்லிவிடலாம். குத்துச்சண்டையில் அப்படி ஒரு கடிகாரம் கிடையாது. ஒருவன் எவ்வளவு பலமாகக் குத்துவான் என்பதில் பாதி, எதிரே நிற்பவன் என்ன செய்கிறான் என்பதைப் பொறுத்தது.

உலகம் முழுக்க ரசிகர்களுக்கு இந்தத் திண்ணை வழக்கு உண்டு. ஹெவிவெயிட்டில் இடி மாதிரி குத்தி, ஆனால் உலகப் பட்டம் வாங்காமலே போனவர்களை ஜோடி சேர்த்து மோதவிடுவார்கள். எர்னி ஷேவர்ஸ், ரான் லைல், ஜெர்ரி குவாரி, ஜெர்ரி கூனி, டேவிட் டுவா என்று ஒரு வரிசை இருக்கிறது. ஹெவிவெயிட் என்பது மேல் வரம்பு இல்லாத எடைப் பிரிவு. 1970களில் 175 பவுண்டுக்கு, அதாவது சுமார் 79 கிலோவுக்கு மேலே போனாலே ஹெவிவெயிட்தான். இன்றைக்குப் பொதுவாக 200 பவுண்டு, கிட்டத்தட்ட 91 கிலோ தாண்ட வேண்டும்.

முதலில் குத்து எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். விறகு பிளப்பவரைக் கவனியுங்கள். புதுசாகக் கோடாலி பிடித்தவன் கையை மட்டும் ஓங்குவான். கட்டையில் கோடாலி சிக்கிக்கொள்ளும். பழகினவர் பின்னங்காலை ஊன்றி, இடுப்பைத் திருப்பி, தோளை விட்டு, கடைசியில்தான் கையைக் கொண்டுவருவார். அலட்டாமலே கட்டை இரண்டாகும். வலதுகைக் குத்தும் அப்படித்தான். பின்னங்கால் குதி திரும்பவில்லை என்றால் அது வெறும் கைவீச்சு. ஷேவர்ஸ் சின்ன வயதில் பண்ணை வேலை பார்த்தவர். மரம் வெட்டுவதைப் பயிற்சியாகவே வைத்திருந்தார். 89 சண்டைகளில் 74 வெற்றி, அதில் 68 நாக்அவுட்.

ஆனால் கட்டை அசையாது; ஆள் அசைவான். நாக்அவுட் ஆவது பெரும்பாலும் தாடையில் விழும் குத்தால். தலை வெடுக்கென்று திரும்புகிறது, மண்டைக்குள் மூளை குலுங்குகிறது, கால் மடிகிறது. வருவதைப் பார்த்துவிட்டால் கழுத்து இறுகிக்கொள்ளும், அடி பாதியாகும். பார்க்காத குத்துதான் ஆளைச் சாய்க்கும். இன்னொன்று, பெரிய குத்து விட ஓங்கும்போது தன் தாடைக்குக் காவலாக இருந்த கை விலகுகிறது. அடிக்கிற நேரமும் அடி வாங்குகிற நேரமும் ஒன்றுதான். பலமாகக் குத்துபவர்கள் பலர் பட்டம் வாங்காமல் போனதற்கு இது பெரிய காரணம் என்பேன்.

இதற்கு நல்ல சாட்சி நம்ம சென்னைக்கே வந்து போனவர். 1980இல் முகமது அலி சென்னை வந்தபோது நேரு ஸ்டேடியத்தில் அவரோடு காட்சிச் சண்டை போட்டவர் ஜிம்மி எல்லிஸ். பழைய உலக சாம்பியன். 1968இல் குவாரியை 15 ரவுண்டு நிதானமாக ஆடி, பாயிண்ட்டில் ஜெயித்துத்தான் எல்லிஸ் பட்டம் வாங்கினார். 1973 ஜூனில் அதே எல்லிஸை ஷேவர்ஸ் முதல் ரவுண்டிலேயே சாய்த்தார். குவாரியை ஜெயித்தவர் எல்லிஸ். எல்லிஸை ஒரே ரவுண்டில் முடித்தவர் ஷேவர்ஸ். அப்படியானால் குவாரியை ஷேவர்ஸ் என்ன செய்வார்? திண்ணைக் கணக்குப்படி குவாரி பிழைக்கக் கூடாது. அதே வருஷம் டிசம்பரில் நியூயார்க்கில் இருவரும் மோதினார்கள். முதல் ரவுண்டிலேயே விழுந்தவர் ஷேவர்ஸ்.

கணக்கு எங்கே இடறியது? எல்லிஸும் குவாரியும் எதிராளி முதலில் கை நீட்டட்டும் என்று காத்திருந்து திருப்பி அடிக்கிற ஜாதி. இரண்டு பேரும் காத்திருந்தால் 15 ரவுண்டு சப்பென்று போகும். ஷேவர்ஸ் காத்திருக்க மாட்டார், பாய்ந்து வருவார். எல்லிஸ்கூட அவரை முதலில் நன்றாகவே உலுக்கினார். அதற்குள் ஷேவர்ஸின் வலதுகை அப்பர்கட், கீழிருந்து மேலே வரும் குத்து, வந்துவிட்டது. குவாரிக்கு அந்தப் பாய்ச்சல் வெல்லம் சாப்பிட்ட மாதிரி. திறந்து கிடந்த தாடையைப் பார்த்தார், முடித்தார். ஆகவே “அவனை இவன் ஜெயித்தான், இவனை நான் ஜெயித்தேன்” என்ற சங்கிலியைக் கற்பனை மோதலில் நம்பாதீர்கள்.

இனி தலைப்பில் உள்ள ஜோடி. ஷேவர்ஸ் – கூனி மோதல் நடந்திருக்கக்கூடிய ஒன்றுதான். 1980 வாக்கில் இருவருமே ரிங்கில் இருந்தார்கள். இருவருக்கும் பொதுவான எதிரி கென் நார்ட்டன். 1979இல் ஷேவர்ஸ் அவரை முதல் ரவுண்டில் சாய்த்தார். 1981இல் கூனி 54 நொடியில் சாய்த்தார். அப்போ கூனிதான் பெரிய கை என்று சொல்லத் தோன்றும். ஆனால் இரண்டு வருஷத்தில் நார்ட்டனுக்கும் வயதாகியிருந்தது. அதோடு, அதற்கு முன்பே 1974இல் அன்றைய சாம்பியன் ஜார்ஜ் ஃபோர்மேன் இரண்டு ரவுண்டில் அவரை முடித்திருந்தார். நெருக்கிவரும் பெரிய குத்துக்காரரிடம் நார்ட்டன் எப்போதும் திணறினார். அந்த 54 நொடி நமக்குக் காட்டுவது நார்ட்டனை, கூனியை அல்ல.

கூனி 6 அடி 6 அங்குலம். ஆயுதம் இடதுகை ஹுக், பக்கவாட்டில் வளைந்து வரும் குத்து. ஷேவர்ஸ் ஆறடி, ஆயுதம் வலதுகை. இடதுகை ஹுக் விடும்போது கூனியின் இடது தாடை திறக்கும், ஷேவர்ஸின் வலதுகை போய் விழவேண்டிய இடமும் அதுவே. யாருடையது முன்னால் போய்ச் சேரும்? ஷேவர்ஸின் வலதுகை பின்னாலிருந்து அகலமாகச் சுற்றி வரும். கூனியின் ஹுக் பக்கத்திலிருந்து சின்னதாக வெட்டும். சின்னப் பாதையில் வருவது முன்னால் சேரும்.

பெரிய குத்துக்காரருக்குத் தம் நீடிக்காது என்று சொல்வார்கள். இங்கே அதை வைத்துத் தீர்க்க முடியாது. 1977இல் அலியோடு 15 ரவுண்டும் நின்றார் ஷேவர்ஸ். ஷேவர்ஸின் குத்தில் ஆப்பிரிக்காவில் இருக்கும் தன் சொந்தங்களே அதிர்ந்துபோனதாக அலி பின்னால் கேலியாகச் சொல்வார். 1982இல் சாம்பியன் லாரி ஹோம்ஸிடம் 13ஆவது ரவுண்டு வரை தாங்கினார் கூனி. 1979இல் அதே ஹோம்ஸை 7ஆவது ரவுண்டில் கீழே தள்ளிய ஷேவர்ஸ், 11ஆவது ரவுண்டில் தோற்றார். என் தீர்ப்பு: கூனி, மூன்றாவது ரவுண்டில். ஆறாவது ரவுண்டு தாண்டினால் தீர்ப்பை மாற்றிக்கொள்வேன்.

லைல் – டுவா ஜோடிக்கு வேறு சிக்கல், காலம். லைல் ஏழு வருஷத்துக்கு மேல் சிறையில் இருந்துவிட்டு, 30 வயதில் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு வந்தவர். 1975இல் டென்வரில் ஷேவர்ஸிடம் இரண்டாவது ரவுண்டில் விழுந்து, எழுந்து, ஆறாவது ரவுண்டில் ஷேவர்ஸையே சாய்த்தார். 1976இல் ஃபோர்மேனை இரண்டு தடவை கீழே தள்ளிவிட்டு ஐந்தாவது ரவுண்டில் தோற்றார். டுவா சமோவாவில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்தவர். 5 அடி 10 அங்குலம்தான், ஆனால் அப்போதைய சாம்பியன் லெனாக்ஸ் லூயிஸை எதிர்த்தபோது 111 கிலோ. 1996இல் ஜான் ரூயிஸை 19 நொடியில் முடித்தார். அந்த ரூயிஸ் 2001இல் ஹோலிஃபீல்டை ஜெயித்துப் பட்டம் வாங்கினார். டுவாவுக்குக் கடைசி வரை கிடைக்கவில்லை. 59 சண்டைகளில் தோற்ற ஐந்தும் பாயிண்ட்டில்தான். நாக்அவுட்டில் ஒன்றுகூடத் தோற்றதில்லை.

உயரமும், முன்கையை நேராக நீட்டிக் குத்தும் ஜாபும் லைலுக்குச் சாதகம். லூயிஸ் டுவாவை அப்படித் தூரத்தில் வைத்துத்தான் 12 ரவுண்டு ஆடி, பாயிண்ட்டில் ஜெயித்தார். லைலிடம் அந்தப் பொறுமை கிடையாது. ஒரு குத்து வாங்கினால் பதிலுக்கு நின்று குத்துவார். டுவாவுக்கு வேண்டியதும் அதுதான். எட்டாவது ரவுண்டில் டுவா.

குவாரியை மட்டும் இந்த விளையாட்டில் இழுக்க எனக்கு மனம் வருவதில்லை. ஷேவர்ஸையும் லைலையும் ஜெயித்தவர் அவர். வாங்கிய குத்துகளால் மூளை கெட்டு, சட்டை மாட்டவும் துணை தேவைப்பட்டு, 1999இல் 53 வயதில் இறந்தார்.

என் தீர்ப்பு தப்பு என்று தோன்றுபவர்கள் சண்டைக்கு வருமுன் 1973இல் நடந்த இரண்டைப் பார்த்துவிடுங்கள்: ஷேவர்ஸ் – எல்லிஸ், குவாரி – ஷேவர்ஸ். இரண்டுமே ஒவ்வொரு ரவுண்டுதான். மலையில் சிக்னல் போவதற்குள் முடிந்துவிடும்.