குட்டி ஆமை வாங்குமுன் கணக்குப் பாருங்கள்!

பெங்களூரில் மீன் தொட்டி விற்கும் கடைகளில் குட்டி ஆமைகளைக் காணலாம். ரூபாய் நாணயத்தை விடச் சற்றே பெரியவை. பச்சை ஓடு, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு. குழந்தை ஆசைப்பட்டுக் கேட்டால் பெற்றோருக்கு மறுக்க மனம் வருவதில்லை.

சிவப்புக் காது ஆமை எனப்படும் இதன் தாயகம் அமெரிக்காவின் மிஸிஸிப்பி நதிப் பிரதேசம். வாங்குவது சுலபம், வைத்துக் காப்பதுதான் பாடு. நன்கு பேணினால் முப்பது ஆண்டு வரை வாழும்; ஓடு ஓரடி நீளம் வரை வளரும். ஐந்து வயதுப் பிள்ளைக்கு வாங்கித் தரும் ஆமை, அவனுக்குக் கல்யாணமான பிறகும் வீட்டில் இருக்கலாம்! வாடகை வீட்டில் இருப்போரும் அடிக்கடி மாற்றலாகும் உத்தியோகஸ்தர்களும் இதை யோசிக்க வேண்டும்.

கிருமி அபாயம்

பார்வைக்கு ஆரோக்கியமாகத் தோன்றும் ஆமையின் உடலிலும் ஸால்மோனெல்லா என்னும் கிருமி இருக்கக்கூடும். ஆமையைத் தொட்ட கையை வாயில் வைக்கும் குழந்தைக்குக் காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் வரலாம். இதனாலேயே 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளைச் செல்லப் பிராணியாக விற்பதற்கு அமெரிக்கா 1975-ல் தடை விதித்தது.

குளத்தில் விடலாமா?

தொட்டி போதாமல் போனதும் பலர் ஆமையை ஏரியிலோ கோயில் குளத்திலோ விட்டுவிடுகிறார்கள். புண்ணியம் என்றும் நினைக்கிறார்கள். ஆனால் இது செடி, பூச்சி, மீன் குஞ்சு எதையும் விடாது. நம் நாட்டு ஆமைகளின் இரைக்கும், அவை வெயில் காயும் இடத்துக்கும் போட்டியாக வந்துவிடுகிறது. கௌஹாத்தி உக்ரதாரா கோயில் குளத்தில் 2018-ல் இந்த ஆமை கண்டுபிடிக்கப்பட்டது. ஐரோப்பிய நாடுகள் 1997-லேயே இதன் இறக்குமதியை நிறுத்திவிட்டன.

சட்டம் என்ன சொல்கிறது?

1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி நமது நட்சத்திர ஆமையை வீட்டில் வளர்ப்பது குற்றம். அந்தச் சட்டம் நம் நாட்டு உயிரினங்களைக் கருதி எழுந்தது. 2022-ல் செய்த திருத்தத்தின்படி, சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள பஞ்சவர்ணக் கிளி, இகுவானா போன்றவற்றை வைத்திருப்போர் பதிவு செய்துகொள்ள வேண்டும். கடையில் பகிரங்கமாக விற்பதாலேயே ஒரு பிராணி ஆபத்தற்றது ஆகிவிடாது.

ஏற்கெனவே வாங்கியவர்கள் குளத்தில் விடாமல் வீட்டிலேயே பேண வேண்டும். தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். தொட்டி நீரைச் சமையலறையில் கொட்டலாகாது. வைத்துக்கொள்ள இயலாதவர்கள் வனத்துறையிடமோ விலங்கு மீட்பு நிலையத்திலோ யோசனை கேட்கலாம். இன்னும் வாங்காதவர்களுக்கோ இந்தக் கவலை எதுவும் இல்லை!