கோழியைக் கொல்லும் இரண்டு எழுத்துகள்: ராணிக்கெட் வைரசின் பரம்பரைத் தகவல்



"வைரசு என்பது புரத உறையினால் சூழப்பட்ட நியூக்கிளிக்கமிலம் ஆகும்." இந்த வரியை நீங்கள் எல்லோரும் மனனம் செய்து வைத்திருப்பீர்கள். பரீட்சையில் எழுதிவிட்டு மறந்தும் விடுவீர்கள். அந்த நியூக்கிளிக்கமிலத்தினுள் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று பார்த்தால் நம் வீட்டுக் கோழிக்கூட்டின் கதையே அதில் இருப்பது விளங்கும்.

புசல்லாவையைச் சூழவுள்ள தோட்டங்களில் லயத்துக்குப் பின்னால் நான்கைந்து கோழி வளர்க்காத வீடுகள் குறைவு. முட்டை விற்ற காசு கொப்பி வாங்கவும் உதவும், சில மாதங்களில் டியூசன் காசாகவும் வந்து சேரும். சில வருடங்களுக்கு முன் எங்கள் லயத்தில் கோழிகளுக்குக் கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள். நான்காம் நாளே கோழிகள் தலை தொங்கி நின்றன. பச்சை நிறமாகக் கழிந்தன, வாயைத் திறந்து மூச்சு வாங்கின. சிலவற்றுக்குக் கழுத்து திருகிக்கொண்டது. ஒரு வாரத்தில் கூடுகள் காலி. "மருந்து விட்டதாலதான் செத்துச்சு" என்று எல்லோரும் முடிவு கட்டினார்கள். அடுத்த வருடம் யாரும் மருந்து விடவில்லை. அந்த வருடமும் கோழிகள் செத்தன.

மருந்துதான் கொன்றதா? இக்கேள்விக்கு ஊகத்தால் விடை கூற முடியாது. வைரசின் பரம்பரைத் தகவலை வாசித்துத்தான் கூறலாம்.

நோயின் பெயர்

1926 ஆம் ஆண்டில் யாவாத் தீவிலும், இங்கிலாந்தின் நியூகாசில் நகருக்கு அருகிலும் கோழிகள் கூட்டங்கூட்டமாக மடிந்தன. இந்நோய்க்கு ஒரு வடிகட்டக்கூடிய வைரசே காரணம் என டொயில் என்பவர் 1927 இல் காட்டி, "நியூகாசில் நோய்" எனப் பெயரிட்டார். அதே காலத்தில் வட இந்தியாவில், இன்றைய உத்தரகண்ட் மாநிலத்திலுள்ள ராணிக்கெட் என்னும் மலைநகரில் இதே நோய் தோன்றியது. அதை எட்வேர்ட்ஸ் என்பவர் 1928 இல் அறிவித்தார். நுவரெலியாவைப் போன்ற அந்த மலைநகரின் பெயரே நம் நாட்டிலும் நிலைத்துவிட்டது. இலங்கை அரச கால்நடை வைத்தியரின் 1930 ஆம் ஆண்டு அறிக்கையிலும் இந்நோய் "ராணிக்கெட்" என்றே குறிப்பிடப்பட்டது. எனவே நியூகாசில் நோய், ராணிக்கெட் நோய் இரண்டும் ஒன்றே. வெவ்வேறு நோய்கள் என எழுதி விடாதீர்கள்.

வைரசினுள்ளே

இது ஓர் ஆர்.என்.ஏ. வைரசு. இதன் ஆர்.என்.ஏ. ஒற்றை இழையாலானது. ஏறத்தாழ 15,200 நியூக்கிளியோரைட்டுகளையும் ஆறு பரம்பரையலகுகளையும் மட்டுமே கொண்டது. மனிதனின் பரம்பரைத் தகவலில் ஏறத்தாழ 300 கோடி எழுத்துகள் உள்ளன. அதனோடு ஒப்பிட்டால் வைரசிடம் இருப்பது ஒரு சிறு கைநூல் அளவுதான்.

மூன்று நியூக்கிளியோரைட்டுகள் சேர்ந்து ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும். அமினோ அமிலங்கள் வரிசையாக இணைந்து புரதமாகும். ஆர்.என்.ஏ. வைரசுகள் தம்மைப் பிரதி செய்யும்போது பிழை திருத்தும் ஒழுங்கு பெரும்பாலும் இருப்பதில்லை. ஆகையால் எழுத்துப்பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். இவையே விகாரங்கள். தமிழ் படித்த எனக்கு இது புதிதாகத் தெரியவில்லை. "களை பிடுங்கினான்" என்பதைக் "கலை பிடுங்கினான்" என்று எழுதும் பிள்ளைகளுக்கு வாரந்தோறும் புள்ளி குறைத்து வருகிறேன். ஓர் எழுத்து மாறினால் பொருளே மாறிவிடும். வைரசில் பெரும்பாலான பிழைகளால் ஒன்றும் நேர்வதில்லை. ஆனால் ஓரிடத்தில் நேரும் பிழை மட்டும் உயிரை வாங்கும்.

அந்த இடம் எது?

கோழியின் கலத்தினுள் புக வைரசுக்கு "இணைவுப் புரதம்" தேவை. வைரசின் உறையைக் கலமென்சவ்வுடன் இணைப்பது அதன் வேலை. ஆனால் அப்புரதம் உருவாகும்போது செயலற்ற நிலையிலேயே இருக்கும். கோழியின் நொதியம் ஒன்று அதைக் குறித்த ஓரிடத்தில் இரண்டாக வெட்டினால்தான் வேலை செய்யும். அந்த இடம் வெட்டுத்தானம் எனப்படும். புரதத்தின் 112 முதல் 117 வரையுள்ள ஆறு அமினோ அமிலங்களே அங்கு முக்கியமானவை.

சாதுவான வைரசில் இவை கிளைசின், ஆர்ஜினின், குளுட்டமின், கிளைசின், ஆர்ஜினின், லியூசின் என அமைந்திருக்கும். இதைத் திரிப்சின் போன்ற நொதியங்களே வெட்டும். அத்தகைய நொதியங்கள் சுவாசப் பாதையிலும் குடலிலும் மாத்திரமே உண்டு. அதனால் வைரசும் அங்கேயே நின்றுவிடும். கோழி இலேசாகத் தும்மும், பின்னர் தேறிவிடும்.

கொடிய வைரசில் இவை ஆர்ஜினின், ஆர்ஜினின், குளுட்டமின், லைசின் அல்லது ஆர்ஜினின், ஆர்ஜினின், பீனைல்அலனின் என இருக்கும். ஆர்ஜினினும் லைசினும் மூல இயல்புள்ள அமினோ அமிலங்கள். இப்படி அவை நெருங்கி நிற்கும் தானத்தை வெட்டும் நொதியம் உடலின் எல்லாக் கலங்களிலும் உண்டு. ஆகவே வைரசு மூளை, மண்ணீரல், குடல் என எங்கும் பரவும். கழுத்து திருகுவது நரம்புத் தொகுதி தாக்கப்பட்டதன் அடையாளம்.

அவுஸ்திரேலியாவில் நடந்தது

சாது கொடியதாக மாறுமா? மாறியிருக்கிறது. அவுஸ்திரேலியாவில் 1998 இல் மேற்குச் சிட்னியிலும், 1999 இல் மாங்குரோவ் மவுண்டன் பகுதியிலும் இந்நோய் வெடித்தது. பல இலட்சம் கோழிகளை அழிக்க வேண்டியதாயிற்று. வைரசு வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். பரம்பரைத் தகவலை வாசித்தபோது உண்மை வேறாக இருந்தது. அங்கேயே கோழிகளிடையே சுற்றிக்கொண்டிருந்த "பீட்ஸ் ரிட்ஜ்" என்னும் சாதுவான வைரசின் வெட்டுத்தானத்தில் இரண்டே நியூக்கிளியோரைட்டுகள் மாறியிருந்தன. 115 ஆம் இடத்துக் கிளைசின் ஆர்ஜினினாகவும், 117 ஆம் இடத்து லியூசின் பீனைல்அலனினாகவும் ஆகிவிட்டன.

ஓர் எழுத்தால் அமினோ அமிலம் எவ்வாறு மாறும் என்பதற்கு ஓர் உதாரணம்: குவானின்-குவானின்-அடினின் என்னும் மூன்றெழுத்து கிளைசினைக் குறிக்கும். முதலெழுத்து அடினினாக மாறினால் அது ஆர்ஜினின். சைற்றோசின்-யூராசில்-யூராசில் லியூசினைக் குறிக்கும். முதலெழுத்து யூராசிலானால் பீனைல்அலனின். பதினையாயிரத்துக்கு மேற்பட்ட எழுத்துகளில் இரண்டு!

பறவைக் காய்ச்சலை உண்டாக்கும் வைரசு வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. ஆயினும் அதன் கொடிய வகைகளிலும் வெட்டுத்தானத்தில் மூல அமினோ அமிலங்கள் நெருங்கியிருப்பதே சாதுவை விட்டுப் பிரிக்கும் முக்கிய அடையாளம்.

எவ்வாறு வாசிக்கின்றனர்?

நோயுற்ற கோழியின் தொண்டையிலிருந்தும் கழிவறையிலிருந்தும் பஞ்சுக் குச்சியால் மாதிரி எடுக்கப்படும். கழிவறை என்பது இங்கே கோழியின் உடலுறுப்பு, சிரிக்க வேண்டாம். மாதிரியைக் குளிரில் வைத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்ப வேண்டும். அங்கு ஆர்.என்.ஏ. பிரித்தெடுக்கப்பட்டு டி.என்.ஏ. ஆகப் பிரதி செய்யப்படும். வெட்டுத்தானம் உள்ள துண்டு மட்டும் கோடிக்கணக்கில் பெருக்கப்படும். பின்னர் அதன் எழுத்துகள் வரிசையாக வாசிக்கப்படும்.

வாசித்த வரிசையை உலகெங்கும் சேகரிக்கப்பட்ட வரிசைகளோடு ஒப்பிடுவர். பிழைகள் ஒத்திருந்தால் உறவினர். இரண்டு மாணவர் ஒரே பிழையை ஒரே இடத்தில் விட்டிருந்தால் யார் யாரைப் பார்த்து எழுதினார் என்று ஆசிரியர் கண்டுபிடிப்பது போலத்தான் இதுவும். இவ்வாறு ராணிக்கெட் வைரசுகள் இருபதுக்கு மேற்பட்ட பரம்பரை வகைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் அதிகம் காணப்பட்ட கொடிய வகைகளில் 13 ஆம் வகை ஒன்று.

நமக்கு இந்த ஆய்வுகூடம் தூரத்தில் இல்லை. கம்பளை வழியாகப் பேராதனைக்குப் போனால் மகாவலிக்கு அப்பால் கன்னொறுவையில் கால்நடை வைத்திய ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் கால்நடை மருத்துவ பீடமும் உண்டு. பேராதனைப் பூந்தோட்டம் பார்க்கச் சுற்றுலா போகும் பிள்ளைகளுக்கு ஆற்றின் மறுகரையில் என்ன இருக்கிறதென்று யாரும் சொல்வதில்லை.

லயத்துக் கேள்விக்கு விடை

கண்ணில் விடும் தடுப்பு மருந்தாகப் பரவலாகப் பயன்படுவது லசோட்டா என்னும் உயிருள்ள, சாதுவான வைரசு. இது 1946 இல் அமெரிக்காவின் நியூஜேர்சியில் பெறப்பட்டது. இரண்டாம் பரம்பரை வகையைச் சேர்ந்தது. மேலே சாதுவான வைரசுக்குக் காட்டிய ஆறு அமினோ அமிலங்களே இதன் வெட்டுத்தானத்தில் உள்ளன. எனவே செத்த கோழியில் கிடைத்த வைரசு 13 ஆம் வகையாகவும், 117 ஆம் இடத்தில் பீனைல்அலனின் உடையதாகவும் இருந்தால் மருந்து கொல்லவில்லை என உறுதியாகக் கூறலாம். இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். வளர்ந்த கோழிகளுக்கு ஊசியாகப் போடப்படும் முக்தேசுவர் போன்ற இடைத்தர வகை மருந்துகளின் வெட்டுத்தானமும் கொடியதைப் போலவே இருக்கும். அவ்விடத்தில் வெட்டுத்தானத்தை மட்டும் பார்த்து முடிவு செய்ய இயலாது. மற்றப் பகுதிகளையும் வாசிக்க வேண்டும்.

அப்படியானால் மருந்து விட்ட நான்காம் நாள் கோழிகள் ஏன் நோயுற்றன? நோயரும்பு காலம் பொதுவாக ஐந்தாறு நாட்கள், சிலவேளை இரண்டு முதல் பதினைந்து நாட்கள் வரை. தடுப்பு மருந்தினால் போதிய பிறபொருளெதிரிகள் உருவாக ஒன்றிரண்டு வாரங்கள் எடுக்கும். பக்கத்து லயத்தில் சாவு தொடங்கிய பிறகே நாம் மருந்தைத் தேடி ஓடினோம். அதற்குள் வைரசு நம் கூட்டுக்குள் வந்திருக்கக்கூடும். எங்கள் கோழிகளிலிருந்து யாரும் மாதிரி எடுக்கவில்லை. நாங்கள் எல்லாவற்றையும் தேயிலை மலைக்குப் பக்கத்தில் புதைத்துவிட்டோம். ஆகவே இதை நிரூபணமாக அன்றி, மிகப் பொருத்தமான விளக்கமாகவே நான் கூறுகிறேன்.

1946 இன் மருந்து இன்றைய வகைகளுக்கும் பயன்படுமா என ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. பரம்பரை வகைகள் பலவாயினும் நிர்ப்பீடன அடிப்படையில் இவை ஒரே இனம். அதனால் முறையாகக் கொடுத்த மருந்து கோழியைச் சாவிலிருந்து காக்கும். ஆனால் தொற்றிய கோழி வைரசை வெளியேற்றுவதை முற்றாக நிறுத்தாது. மருந்து கொடுத்த கூட்டிலும் புதுக் கோழியைச் சில நாட்கள் புறம்பாக வைக்கச் சொல்வது இதனால்தான்.

பயிற்சி வினாக்கள்

1. ராணிக்கெட் வைரசின் நியூக்கிளிக்கமிலம் யாது?
2. சாதுவான வைரசு சுவாசப் பாதையிலும் குடலிலும் மட்டும் பெருகுவதற்குக் காரணம் கூறுக.
3. ஒரு பண்ணையில் தடுப்பு மருந்து கொடுத்து மூன்றாம் நாள் கோழிகள் இறந்தன. மருந்தே காரணம் எனப் பண்ணையாளர் கூறுகிறார். அவரது கூற்றைச் சோதிக்க நீர் எடுக்கும் மாதிரிகளையும், வைரசில் நீர் பார்க்கும் இடங்களையும் குறிப்பிடுக. (மூன்றாம் வினாவுக்கு விடை எழுதும்போது கோழிகளைப் புதைப்பதற்கு முன் மாதிரி எடுக்க வேண்டும் என்பதை முதலில் எழுதுக.)