காற்று தள்ளும், மின்சாரம் யார் தருவது?

பாய்மரம் முறியவில்லை, படகில் தண்ணீர் புகவில்லை. ஆனாலும் 2013 ஜனவரியில் வாந்தே குளோப் பந்தயத்திலிருந்து சுவிஸ் வீரர் பெர்னார் ஸ்டாம் நீக்கப்பட்டார். அவருடைய சோதனைகள் மின்சாரத் தட்டுப்பாட்டில் ஆரம்பித்தன.

யார் உதவியும் பெறாமல் தன்னந்தனியாக உலகைச் சுற்றிவர வேண்டும் என்பது பந்தய விதி. படகின் நீர்ச்சுழலி ஜெனரேட்டர்கள் பழுதாகவே, நியூசிலாந்துக்குத் தெற்கே ஆக்லாந்து தீவுகளில் ஸ்டாம் நங்கூரமிட்டார். நங்கூரம் பிடி நழுவியது. அருகிலிருந்த ரஷ்யக் கப்பலில் படகைக் கட்டினார். கப்பலின் மாலுமி ஒருவர் படகில் ஏறி நங்கூரத்தைத் தூக்க உதவினார். அந்த உதவியே அவரது வாய்ப்பைப் பறித்தது. போட்டிக்கு வெளியே பயணத்தைத் தொடர்ந்தவர், கேப் ஹார்ன் அருகே இன்னொரு படகிலிருந்து டீசல் வாங்க நேர்ந்தது.

காற்றில் ஓடும் படகுக்கு மின்சாரம் எதற்கு? தனி ஆள் தூங்கும்போது சுக்கான் பிடிப்பது தானியங்கிக் கருவி. 12 வோல்ட்டில் அது சராசரியாக 4 ஆம்பியர் இழுத்தாலே நாளொன்றுக்கு 96 ஆம்பியர்-மணி காலி. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் தீர்த்தால் அதன் ஆயுள் குறையும். எனவே 200 ஆம்பியர்-மணி பேட்டரி ஒரு நாளைக்குத்தான் தாங்கும். விளக்கு, ரேடியோ, திசைகாட்டும் கருவிகள் எல்லாம் தனிக் கணக்கு.

வரவு பல வழிகளில் வந்தாக வேண்டும். ஒவ்வொன்றிலும் ஓர் ஓட்டை உண்டு. டீசல் எஞ்சின் காலிப் பேட்டரியை வேகமாக நிரப்பும். ஆனால் ஈய-அமில பேட்டரியின் கடைசி ஐந்தில் ஒரு பங்கு மெதுவாகவே ஏறும். அதற்காக எஞ்சினை மணிக்கணக்கில் ஓட்டுவது எண்ணெய்க்குக் கேடு. அந்த வேலைக்குச் சூரியத் தகடு பொருத்தம். அதன் மீது பாயின் நிழல் விழுந்தாலோ உற்பத்தி படுத்துவிடும்.

காற்றாலையின் சங்கடம் வேறு. மணிக்கு 20 கடல் மைல் வேகக் காற்றை முதுகில் வாங்கி 7 கடல் மைல் வேகத்தில் ஓடும் படகில், காற்றாலைக்குக் கிடைப்பது 13 மட்டுமே. காற்றின் வேகத்தின் மும்மடியைப் பொறுத்தது மின்சாரம் என்பதால், கிடைப்பது கால் பங்கைச் சற்றே தாண்டும். நீர்ச்சுழலிக்கு இதே ஓட்டம் விருந்து. படகு நகரும்வரை இரவிலும் சுழலும். ஆனால் படகின் வேகத்தைச் சற்றுக் குறைக்கும். மிதக்கும் கட்டை மோதினால் உடையும்.

நாலையும் ஒரே பேட்டரியில் இணைத்துவிட்டால் கவலை தீருமா? ஒரு மூலம் வோல்ட்டை உயர்த்தியதும், பேட்டரி நிரம்பிவிட்டதென்று மற்றதன் கட்டுப்பாட்டுக் கருவி ஏமாந்து ஒதுங்கலாம். ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனிக் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும். அவற்றின் வோல்ட் அளவுகளும் ஒத்துப்போக வேண்டும். பேட்டரி நிரம்பியபின் காற்றாலையை அப்படியே துண்டித்தால் அது கட்டுக்கடங்காமல் சுற்றும். மிஞ்சும் மின்சாரத்தைச் சூடாக்கிச் செலவழிக்க ஒரு சாதனம் தேவை. லித்தியம் பேட்டரி தன்னைக் காத்துக்கொள்ளத் திடீரென இணைப்பைத் துண்டித்தால், எஞ்சினின் ஆல்டர்னேட்டரே பொசுங்கக்கூடும்.

செலவைக் குறைப்பது இன்னொரு வழி. கோல்டன் குளோப் பந்தயத்தில் மின் சுக்கான் கருவிக்கே தடை. காற்றின் விசையாலேயே சுக்கானைத் திருப்பும் இயந்திரம்தான் துணை, வழியறிய செக்ஸ்டன்ட். நமது கடற்படையின் ஓய்வுபெற்ற கமாண்டர் அபிலாஷ் டோமி 2023 ஏப்ரலில் இப்படித்தான் இரண்டாமிடம் பிடித்தார்.

மின்சாரத்தை நம்பிக் கிளம்புவோருக்கு ஓர் எளிய பரீட்சை உண்டு. கரையைப் பார்க்கும் தூரத்தில் ஓடும்போதே, ஒரு நாளைக்கு ஒரு மூலம் வீதம் நிறுத்திவைக்க வேண்டும். மற்றவை அன்றைய செலவைத் தாங்காவிட்டால், அதைத் துறைமுகத்துக்குத் திரும்பும் தூரத்திலேயே தெரிந்துகொள்வது நல்லது.