மெல்லிய மடிக்கணினி: மினுக்கைப் பார்ப்பதா, உழைப்பைப் பார்ப்பதா?



நம் கடைகளில் பேரேட்டின் இடத்தைக் கம்ப்யூட்டர் பிடித்துக்கொண்டு வெகு காலம் ஆகிவிட்டது. 2017 ஜூலை முதல் தேதி சரக்கு மற்றும் சேவை வரி வந்த பிறகு, அது இல்லாமல் கடை நடத்துவது கடினம் என்ற நிலையும் வந்துவிட்டது. ஒரு பேரேடு வாங்குவதென்றால் தாளைத் தடவிப் பார்ப்போம், தையலை இழுத்துப் பார்ப்போம், அட்டையை வளைத்துப் பார்ப்போம். அதைப்போல் நூறு மடங்கு விலை கொடுத்து வாங்கும் மடிக்கணினியை மட்டும் விளம்பரப் படத்தைப் பார்த்து வாங்கிவிடுகிறோம். அப்படி வாங்கி நாம் பட்ட பாட்டைச் சொல்லி, மற்ற அன்பர்கள் அந்தப் பாடு படாமல் காப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாம் பட்ட பாடு

அருப்புக்கோட்டையில் நமக்குப் பருப்பு, வற்றல், மல்லி மொத்த வியாபாரம். சென்ற ஆண்டு பொங்கலுக்கு முன்பு, ஏழு ஆண்டுகள் உழைத்த கனத்த மடிக்கணினியை ஓரங்கட்டிவிட்டுப் புதிதாக மெல்லிய மடிக்கணினி ஒன்றை வாங்கினோம். விரற்கடை கனம்தான். ஒரு கையில் தூக்கலாம். வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரே மகிழ்ச்சி.

முதல் வாரத்திலேயே, திரை கறுப்பாக இருக்கும்போது கீழ் ஓரத்தில் நிலா வெளிச்சம் போல ஒரு வெளுப்பு தெரிந்தது. கேட்டதற்கு, “எல்லாப் பெட்டியிலும் அப்படித்தான் இருக்கும்” என்றார்கள். விட்டுவிட்டோம். ஆடிக் காற்று அடிக்கும்போது மூடியைத் திறக்கையில் கீல் பக்கம் ‘டக்’கென்று ஓசை கேட்டது, ஓரத்து பிளாஸ்டிக் பிளந்திருந்தது. அதன் பிறகு மூடியை ஒரே ஒரு கோணத்தில் நிறுத்தினால்தான் படம் தெரிந்தது. ஆகஸ்ட் 19-ந் தேதி காலையில் அந்தக் கோணத்திலும் தெரியவில்லை. மறுநாள் 20-ந் தேதி, ஜி.எஸ்.டி. ரிட்டன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசி நாள்.

அன்றைக்குப் பார்த்துத் திருச்சுழிப் பக்கத்துச் சம்சாரி ஒருவர் வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். வற்றல் போட்ட வகையில் நாம் அவருக்குப் பாக்கி தர வேண்டும். மழைக்கு முன் உழவுக்கும் விதைக்கும் அவருக்கு அந்தப் பணம் வேண்டும். நாம் பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்ததைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, அது பேசாட்டிப் போகுது. உங்க அப்பா காலத்துல எழுதுவாகளே சிட்டை, அதைப் பாருங்க” என்றார். நம்மிடம் சிட்டை இல்லை. இரண்டு ஆண்டுகளாக எழுதவில்லை. அவரே மடியிலிருந்து ஒரு சிறு நோட்டை எடுத்துத் தொகையைச் சொன்னார். சொன்னதைக் கொடுத்தனுப்பினோம்.

பக்கத்துக் கடைத் தம்பி, “வீட்டு டிவியில் மாட்டினால் படம் தெரியும்” என்று யோசனை சொன்னார். நல்ல யோசனைதான். ஆனால் டிவி ஒயரை மாட்டும் துளை அந்தப் பெட்டியில் இல்லை. மெலிவுக்காக அதை எடுத்துவிட்டு டைப்-சி துளை இரண்டு மட்டும் வைத்திருந்தார்கள். அதற்கான மாற்றுக் கருவியை மதுரையிலிருந்து வரவழைத்து, இரவு பதினொரு மணிக்கு டிவியின் முன் உட்கார்ந்து கணக்கைப் பார்த்தோம். ரிட்டன் மறுநாள் போய்விட்டது. ஆனால் அந்தச் சம்சாரி சொன்ன தொகை நம் கணக்கைவிட அறுநூறு ரூபாய் குறைவு என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அவர் நோட்டில் ஒரு வரவு விட்டுப்போயிருந்தது. மறுவாரம் ஆள் மூலம் பணத்தை அனுப்பிவைத்தோம். கணக்குச் சொல்ல வேண்டியவர் நாம். அன்றைக்குக் கணக்குச் சொன்னவர் அவர். பெட்டி பழுதானதைவிட இதுதான் நமக்கு உறுத்தியது.

சர்வீஸ் சென்டரில், “இது வெளிச் சேதம். வாரண்டியில் வராது. மேல்மூடியை முழுதாக மாற்ற வேண்டும்” என்று கூறி, புதுப்பெட்டி விலையில் பாதியை நெருங்கும் தொகை ஒன்றைச் சொன்னார்கள். பருத்தி மூட்டை குடோனிலேயே இருந்திருக்கலாம் என்ற நம் ஊர்ப்பக்கப் பழமொழிதான் நினைவுக்கு வந்தது.

மெலிவு வந்த கதை

மடிக்கணினியை மெலிய வைக்கும் போட்டிக்குப் பெரிய தொடக்கம் 2008 ஜனவரியில் அமைந்தது. ஆப்பிள் கம்பெனித் தலைவர் ஸ்டீவ் ஜாப்ஸ், மேடையில் ஒரு காகித உறைக்குள்ளிருந்து மேக்புக் ஏர் என்ற மடிக்கணினியை உருவிக் காட்டினார். எடை சுமார் 1.36 கிலோ, கனமான இடத்திலும் 2 சென்டிமீட்டருக்கு உட்பட்ட தடிமன். 2011-இல் இன்டெல் கம்பெனி ‘அல்ட்ராபுக்’ என்ற பெயரில் மற்றக் கம்பெனிகளையும் அந்த வழிக்கு இழுத்து, அதற்காக 30 கோடி டாலர் நிதியும் ஒதுக்கியது.

அதே 2011-இல், செப்டம்பர் 15-ந் தேதி தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. திருச்சுழி, நரிக்குடி, காரியாபட்டிப் பக்கத்துக் கிராமங்களில் பல வீடுகளுக்குள் முதன்முதலாகக் கம்ப்யூட்டர் நுழைந்தது அப்படித்தான். அவை கனத்த பெட்டிகள். அழகு குறைவு. ஆனால் பேட்டரியைக் கையாலேயே கழற்றலாம், மெமரியைக் கூட்டலாம், பழுது பார்க்க உள்ளூரிலேயே ஆள் உண்டு. இன்றைய மெல்லிய பெட்டிகள் பலவற்றில் மெமரி பலகையோடு சேர்த்துப் பற்றவைக்கப்பட்டிருக்கிறது. பேட்டரி பசையால் ஒட்டப்பட்டிருக்கிறது. மெலிவு வந்தது, பழுது பார்க்கும் வசதி போனது.

பெரிய கம்பெனிக்கும் சறுக்கியது

இது மலிவுப் பெட்டிகளின் குறை மட்டும்தானே என்று யாரும் எண்ண வேண்டாம். உலகப் புகழ் பெற்ற ஆப்பிளுக்கே இரண்டு இடங்களில் சறுக்கியது.

ஒன்று, விசைப்பலகை. 2015-இல் பெட்டியை மெலிய வைப்பதற்காக ‘பட்டர்ஃபிளை’ என்ற புதிய அமைப்பைக் கொண்டுவந்தார்கள். விசைக்கு அடியில் சிறு தூசி போனாலே எழுத்து விழாமல் போகும், அல்லது இரண்டு முறை விழும். 2018 ஜூனில் இலவசப் பழுது திட்டம் அறிவித்தார்கள். 2019 இறுதியிலிருந்து பழைய அமைப்புக்கே திரும்பினார்கள். அமெரிக்காவில் நடந்த வழக்கில் 2022-இல் 5 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டார்கள்.

இரண்டாவது, திரை. 2016-இல் வந்த மேக்புக் புரோவில், திரைக்கு ஒளி கொண்டுபோகும் மெல்லிய பட்டை ஒயர் அளவு குறைவாக இருந்தது. மூடியைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அது இழுபட்டுத் தேய்ந்தது. முதலில் திரையின் அடியில் நாடக மேடை விளக்குப் போல ஒளித்திட்டுகள் தெரியும். பிறகு திரையே இருண்டுவிடும். 2018 மாடலில் அந்த ஒயரை நீளமாக்கினார்கள். கூடிய நீளம் சுமார் 2 மில்லிமீட்டர். 2019 மே மாதம், 2016-இன் 13 அங்குல மாடலுக்கு இலவசப் பழுது திட்டம் வந்தது. இரண்டு மில்லிமீட்டரில் மிச்சம் பிடிக்கப் போனதன் விலை அது. நம் தொழிலில் எடைக்கல்லில் மிச்சம் பிடிப்பவன் கதையும் இப்படித்தான் முடியும்.

இன்னொன்றும் உண்டு. கேமரா மேல் ஒட்டும் சிறு மூடியோடு மடிக்கணினியை மூடினால் திரை உடையக்கூடும் என்று 2020-இல் ஆப்பிளே எச்சரித்தது. திரைக்கும் விசைப்பலகைக்கும் நடுவே அவ்வளவு குறைந்த இடைவெளி. அந்த இடைவெளியில் நம் கடையில் ஒரு துவரம்பருப்போ ஸ்டேப்ளர் பின்னோ கிடந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

கரிசல் பூமியில் மெல்லிய பெட்டி

குளிரூட்டிய அறையில் சோதித்துப் பார்த்த பெட்டி, நம் பக்கத்து வெயிலுக்கும் தூசிக்கும் வரும்போது வேறு விதமாக நடந்துகொள்ளும். மெல்லிய பெட்டியில் காற்றாடி சிறியது. காற்று போகும் வழி குறுகியது. கரிசல் புழுதி, வற்றல் தூள், பருப்புத் தவிடு, கரி மூடைகள் ஏற்றி இறக்கும் இடமாயிருந்தால் கரித்தூள், எல்லாம் போய் அந்த வழியை அடைத்துவிடும். சூடு வெளியேற முடியாதபோது பெட்டி தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். “கம்ப்யூட்டர் மத்தியானம் ஆனால் மெதுவாகிவிடுகிறது” என்று நம்மில் பலர் சொல்வதற்குப் பெரும்பாலும் காரணம் இதுதான். சூடு பேட்டரியையும் கெடுக்கும். பேட்டரி உப்பினால் விசைப்பலகையும் கைவிரல் தடவும் பலகையும் மேலே தூக்கிக்கொண்டு வரும். அப்படிக் கண்டால் சார்ஜ் போடுவதை உடனே நிறுத்திவிட வேண்டும். அது தீப்பிடிக்கும் ஆபத்துள்ளது.

உலோக உடல் கொண்ட பெட்டியைத் தொடும்போது சிலருக்குச் சுருக்கென்று உணர்வு வரும். சார்ஜருக்கு எர்த் இணைப்பு இல்லாததே அதற்குப் பொதுவான காரணம். கடையின் எர்த்தையும் எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிடுவது நல்லது.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

1. திரையின் ஒளி: ஒளியின் அளவை ‘நிட்ஸ்’ என்று குறிப்பார்கள். 250 நிட்ஸ் வீட்டு அறைக்குப் போதும். வீதியைப் பார்த்த கடைக்கு 300-க்குக் குறையாமல், முடிந்தால் 400 வேண்டும். பளபளப்புத் திரையில் நம் முகமும் வீதியும் தெரியும், கணக்குத் தெரியாது. மங்கல் பூச்சுத் திரையே கடைக்கு ஏற்றது.

2. திரையின் வகை: ‘டி.என்.’ வகைத் திரையைச் சற்றுச் சாய்த்துப் பார்த்தால் நிறம் மாறிவிடும். ‘ஐ.பி.எஸ்.’ வகை எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும் தெரியும். ‘ஓ.எல்.இ.டி.’ வகை கண்ணுக்கு மிக அழகு. ஆனால் நாள் முழுவதும் ஒரே பில் பக்கம் நிற்கும் கடையில், நாளடைவில் அதன் தடம் திரையில் பதிந்துவிடக் கூடும்.

3. புள்ளிகள்: ஃபுல் எச்.டி. திரையில் 20,73,600 புள்ளிகள் உண்டு. வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலப் படங்களைத் திரை முழுதும் வைத்துச் செத்த புள்ளி உண்டா என்று பாருங்கள். விளக்கை அணைத்துக் கறுப்புப் படம் வைத்தால் ஓரத்து வெளுப்புத் தெரிந்துவிடும். ஓரிரு புள்ளிக்குக் கம்பெனிகள் பல பெட்டியை மாற்றித் தருவதில்லை. எத்தனைக்கு மாற்றுவீர்கள் என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

4. கீல்: மூடியை ஒரு மூலையில் பிடித்து மெல்லத் திறந்து பாருங்கள். மூடி முறுகினாலோ, பெட்டி முழுதும் மேலே எழுந்தாலோ கீல் இறுக்கம் அதிகம். இந்த இறுக்கம்தான் நாளடைவில் ஆணி பதிந்த பிளாஸ்டிக்கைப் பிய்த்துவிடுகிறது. வாங்கிய பின்பும் மூலையைப் பிடித்துத் திறக்காமல், நடுவில் பிடித்தே திறக்க வேண்டும்.

5. உடல்: சமமான கண்ணாடி மேஜையில் வைத்து நான்கு காலும் படிகின்றனவா என்று பாருங்கள். விசைப்பலகையின் நடுவில் அழுத்தினால் பள்ளம் விழக்கூடாது. ஓரங்களின் இடைவெளி எங்கும் ஒரே அளவாக இருக்க வேண்டும்.

6. துளைகள்: பில் மெஷின், பார்கோடு கருவி, டிவி, நெட் ஒயர் எல்லாம் நேரடியாக மாட்ட முடிகிறதா என்று எண்ணிப் பாருங்கள்.

விற்பவர்களுக்கு ஒரு வார்த்தை

நம் சங்கத்தில் இந்தப் பொருளை விற்பவர்களும் உண்டு. 2020 ஜூலை 20-ந் தேதி நடைமுறைக்கு வந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விற்பவரின் பொறுப்பையும் பேசுகிறது. கம்பெனி கொடுக்காத உறுதியைக் கடைக்காரர் தாமாகக் கொடுத்து, அது பொய்த்துப்போய்த் தீங்கு நேர்ந்தால் அவரே பதில் சொல்ல வேண்டி வரும். ஆகவே வாரண்டியில் எது வரும், எது வராது என்பதைப் பெட்டியைப் பிரிக்குமுன் சொல்லிவிடுங்கள். ‘வெளிச் சேதம்’ என்பதற்குப் பொருள் என்ன என்று சொல்லுங்கள். ஒரு வியாபாரம் குறைந்தாலும் வாடிக்கையாளர் நிற்பார்.

வாங்குபவர்களும் ஒன்றை அறிய வேண்டும். வியாபார நோக்கத்துக்கு வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் ஆணையம் போக முடியாது என்பது பொது விதி. ஆனால் பிழைப்புக்காகச் சுயதொழில் செய்பவர் அதற்கென்றே வாங்கிய பொருள் அந்த விதிக்கு விலக்கு. சிறு கடைக்காரர்கள் தைரியமாக உரிமை கேட்கலாம். குறை தோன்றியதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ளவற்றுக்குக் கட்டணம் இல்லை. முதற்படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். பில், வாரண்டி அட்டை, குறையைக் காட்டும் புகைப்படம், சர்வீஸ் சென்டர் கொடுத்த சீட்டு ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். ஓரத்து வெளுப்பை முதல் வாரத்திலேயே எழுத்தில் கொடுக்காமல் விட்டது நாம் செய்த பிழை.

நிறைவாக

மெல்லிய மடிக்கணினியே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ஊர் ஊராகப் போய் ஆர்டர் எடுக்கும் அன்பர்களுக்கு அதன் எடைக்குறைவு பெரிய உதவி. கல்லாவை விட்டு நகராத கடைக்கு அந்த மெலிவால் என்ன லாபம் என்பதே கேள்வி. நாம் இப்போது பழைய கனத்த பெட்டியையே துடைத்து, மெமரி கூட்டி, மீண்டும் கல்லாவில் வைத்திருக்கிறோம். நாள்தோறும் கணக்கைத் தனியாக ஒரு பென் டிரைவில் பிரதி எடுத்துவிடுகிறோம். பக்கத்தில் ஒரு சிட்டையும் திரும்ப வந்துவிட்டது. சம்சாரிகளின் பற்று வரவை மட்டுமாவது கடை சாத்துமுன் அதில் எழுதிவிடுகிறோம்.

பெட்டி எதுவாயினும் இருக்கட்டும். நம்பி வந்து பெஞ்சில் உட்கார்ந்தவருக்கு அந்த நேரத்தில் கணக்குச் சொல்ல முடிய வேண்டும். கடைக்குப் பெயர் அதில்தான் நிற்கிறது.